பார்த்ததை மட்டும் சொல்லும் மிஸ்திரி

வெளியே மழை பெய்கிறதா என்று அவரிடம் கேட்டால் உடனே பதில் வராது. கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைப்பார். ஷெட்டின் வாசல் வரைக்கும் நடந்து போவார். கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து, "வாசல்ல பெய்யுது" என்பார். ஊரெல்லாம் பெய்கிறது என்று அவர் வாயால் சொல்ல வைக்க யாராலும் முடியாது. ஊரை அவர் பார்க்கவில்லையே.

ஹவுராவில், லேத் பட்டறைகளும் வார்ப்புப் பட்டறைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு சந்தில் அவருடைய கார் ஷெட் இருந்தது. அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இவர் பிறந்ததே ஹவுராவில்தான். தமிழ், வங்காளி, இந்தி மூன்றையும் ஒரே மாதிரி, காசைக் கொடுத்து வாங்கின சொல்லைப் போலக் கொஞ்சமாகத்தான் செலவழிப்பார். அக்கம்பக்கத்து வங்காளிகள் அவரை மிஸ்திரி-தா, அதாவது மெக்கானிக் அண்ணன், என்பார்கள். நான் அண்ணே என்பேன். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் சில வருஷம் வளைகுடா நாட்டில் இருந்தவர். அங்கே பணக்காரர்களின் பந்தயக் கார்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை ஆசையாகக் கேட்டேன். பாலைவனம், பெரிய பெரிய கட்டடம், ஒட்டகம் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "ஒர்க்‌ஷாப் உள்ள ஏசி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் வளைகுடா.

எங்கள் வீட்டில் அவர் ஒரு தடவை சாப்பிட்டார். என் வீட்டுக்காரி முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். மனுஷர் மூன்று தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். இலையை மடித்த பிறகு அவள் வாசல்படி வரைக்கும் போய், சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "சாம்பார் சூடா இருந்துச்சும்மா" என்றார். அந்தக் கோபம் அவளுக்கு லேசில் தீரவில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாரே, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொன்னால், வாயில் என்ன கொழுக்கட்டையா என்பாள்.

கல்யாண விசாரிப்புக்கு அவரிடம் போனவர்கள் பாடு இன்னும் மோசம். அவர் சந்திலேயே இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். பெண் எப்படி, குணம் எப்படி என்று கேட்டால், "தண்ணிக் குழாய்ல வரிசையில நிக்கும். முந்தாது" என்றாராம். வேறு ஒன்றும் வரவில்லை. பெண்ணின் அப்பா விஷயம் தெரிந்து சண்டைக்கே போய்விட்டார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணைத்தான் எடுத்தாள். இதையும் அவர் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அவர் ஹவுராவில் இல்லை. ஷெட்டை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இவரைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவர் எனக்குச் செய்ததை நினைத்தால் கோபமும் வரும், சிரிப்பும் வரும், கை தானாகவே கும்பிடவும் போகும்.

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு டிரைவர். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. காலையில் குளித்து, திருநீறு இட்டு, முருகா என்று ஒரு தடவை சொல்லாமல் சாவியைத் திருப்பினது கிடையாது. எங்கள் ஐயா சர்க்கார் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஒரு ஆசையை மனசுக்குள் வைத்திருந்து, ஓய்வுக்குப் பிறகு ஜெர்மன்காரன் செய்த ஒரு வேகக் காரை வாங்கினார். டர்போ எஞ்சின். மீட்டரில் போட்டிருக்கிற கடைசி நம்பரில் ஓட்ட இந்த ஊரில் ரோடே கிடையாது. அந்த வண்டியைத்தான் கரியாஹாட் கடைத்தெரு நெரிசலில் நான் இருபதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஐயாவும் பின் சீட்டிலிருந்து அவருக்குக் கை காட்டிச் சிரிப்பார்.

அப்படி இருக்கும்போது ஐயாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வண்டியில்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டு அம்மா, ஐயாவின் சம்சாரம், கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். சந்தனத்தைக் குழைத்து, கை எட்டின இடமெல்லாம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார்கள். பேட்டரி மேல், ஏர் ஃபில்டர் மூடி மேல், கூலன்ட் டப்பா மேல், அதிலிருந்து போகிற ஹோஸ் குழாய்கள் மேல் என்று ஒன்று விடவில்லை. என் வீட்டுக்காரரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டி என்று கண்ணில் தண்ணீர் விட்டார்கள். ஐயா இதே வண்டியில் ஏறி முருகன் கோயிலுக்குப் போய் வருகிற வரைக்கும் இந்தக் குங்குமத்தை யாரும் அழிக்கக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். சுமங்கலி வைத்த குங்குமம். நானா அழிப்பேன்?

அதன் பிறகுதான் வண்டி சூடாக ஆரம்பித்தது. எஞ்சினை ஆற வைக்கிற கூலன்ட் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. டப்பாவில் கோடு வரைக்கும் ஊற்றினால், ரெண்டு மூணு நாளில் கோட்டுக்குக் கீழே போய்விடும். கீழே தரையில் ஒரு சொட்டு கிடையாது. இந்த மாதிரி வண்டிக்கு அடிவயிறு முழுக்க ஒரு தட்டு மாட்டியிருப்பார்கள். ஒழுகினாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். பெரிய பாலத்தில் ஏறும்போது டாஷ்போர்டில் சிவப்பாக ஒன்று எரியும், மணி அடிக்கும். நான் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறுகிற வரைக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் டப்பாவின் மூடியை மாற்றினார்கள். இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் பம்ப்பையே மாற்றினார்கள். ரெண்டு இடத்திலும் பானெட்டைத் திறந்தவுடன் குங்குமத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். இந்த ஊர்தான் தெரியுமே, விஸ்வகர்மா பூஜைக்குச் சுத்தியலுக்குக் கூட மாலை போடுகிறவர்கள். பூஜை செய்த இடத்தில் யாரும் துணி போட்டுத் துடைக்க மாட்டார்கள். சுற்றி வளைத்து வேலை செய்துவிட்டு அனுப்பினார்கள். கூலன்ட் குறைவது நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சின்னவருக்குச் சந்தேகம் வந்தது. ஐயாவின் ஒரே மகன். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை வருவார். நல்ல பிள்ளைதான், அப்பா மேல் உயிர். அந்தப் பயம்தான் என் மேல் திரும்பியது. ஐயா வீட்டில் படுத்திருக்கிறார், வண்டி என் கையில் தனியாக இருக்கிறது. மருந்து வாங்க, மளிகை வாங்க என்று நான்தான் எடுத்துப் போகிறேன். மணி அடித்ததெல்லாம் நான் தனியாகப் போகும்போதுதான். ஆளில்லாத நேரத்தில் பாலத்தில் விரட்டி ஓட்டி எஞ்சினைக் கெடுக்கிறேன் என்று அவர் நினைத்தார். வாய்விட்டுத் திட்டவில்லை. "அண்ணே, வண்டியைக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன். அப்பாவுக்கு வேணும்னா ஆப்ல டாக்ஸி கூப்பிட்டுக்கலாம். உங்களுக்கும் வேற நல்ல இடமாப் பார்த்துச் சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு என்றார்.

வேலை போவது ஒரு பக்கம். அந்த வீட்டுப் பிள்ளையைச் சின்ன வயசில் தினமும் பள்ளிக்கூடத்தில் இறக்கி விட்டவனை, ஆளில்லாதபோது ஆட்டம் போடுகிறவன் என்று அந்தப் பிள்ளையே நினைத்துவிட்டதே என்பதுதான் சாப்பாட்டை இறங்க விடவில்லை. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது ஒருவரிடம் சொல்லி அழுதேன். அவர்தான் ஹவுரா மிஸ்திரியைப் பற்றிச் சொன்னார். "வேகமான வண்டிக்கு அவர்தான். ஆனா அவர் வேகமா இருக்க மாட்டார், பார்த்துக்கோ" என்றார்.

உண்மைதான். திங்கட்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான். நான் இரண்டு டீ குடித்தேன். அப்புறம் கூலன்ட் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கைப்பம்ப் ஒன்றை மாட்டிக் காற்றடித்தார். அதில் ஒரு சின்ன மீட்டர். ஊசி மேலே ஏறி நின்றது. அவர் மறுபடி உட்கார்ந்தார். ஊசி மெதுவாக, சோம்பேறி மாதிரி, கீழே இறங்க ஆரம்பித்தது.

"ஒழுகுது" என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

"பார்க்கல."

உள்ளே முழுக்கச் சிவப்பும் இளஞ்சிவப்புமாக இருந்தது. அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்து, ஹோஸ் மேலெல்லாம் வழிந்து இறங்கி இருந்தன. எங்கள் வண்டிக்கு ஊற்றுகிற கூலன்ட்டும் அதே மாதிரி இளஞ்சிவப்புத்தான். அவர் டார்ச்சை அடித்து, டப்பாவுக்குப் பின்னால் ஹோஸ் சேருகிற இடங்களையெல்லாம் பார்த்தார். ஒரு விரலைக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, யார் வைத்தது என்று கேட்டார். சொன்னேன். துடைக்கலாமா என்றார். நான் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினேன். ஐயாவின் ஆபரேஷனைச் சொன்னேன், அம்மாவின் வேண்டுதலைச் சொன்னேன். குங்குமத்தை அழிக்கிறது என்றால் ஒரு பொம்பளைக்கு என்ன என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இதுல எது குங்குமம், எது கூலன்ட்டுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துல பார்ட்டை மாத்த மாட்டேன்" என்று பானெட்டை மூடினார். என் வேலை போச்சு என்று நினைத்து என் முகம் வாடிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போ, பாலத்தில் நின்று நின்று போ என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தார். படகில் ஆற்றைத் தாண்டி, பஸ் பிடித்து, தோளில் ஒரு பையோடு. பையில் டார்ச்சும் வெளுத்த வேட்டித் துண்டுகளும் இருந்தன. அம்மா கீழே இறங்கி வந்தார்கள். ஐயா முதல் மாடிப் பால்கனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று கீழே பார்த்துக் கேட்டார். "இன்னும் ஒண்ணும் ஆகல" என்று இவர் மேலே பார்த்துச் சொன்னார்.

பிறகு அம்மாவிடம் திரும்பி, வீட்டில் விளக்கு எப்போது தேய்ப்பீர்கள் என்று கேட்டார். கார் மிஸ்திரி இதை ஏன் கேட்கிறான் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

"வியாழக்கிழமை சாயந்திரம் தேய்ச்சு வெச்சிருவேன். வெள்ளிக்கிழமை குளிச்சுட்டுப் பொட்டு வெப்பேன்."

"பழைய பொட்டை?"

"அதைத் துடைச்சுட்டுத்தானே புதுசு வெக்கணும்? எண்ணெய்ப் பிசுக்கு மேல யாராவது பொட்டு வெப்பாங்களா?"

அவர் பானெட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காய்ந்து, தூசி ஏறி, கருத்து, வழிந்து கிடந்த தன் பொட்டுக்களைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை தப்பாகப் போனால் போச்சு என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"இப்படியா விட்டு வெச்சேன்" என்றார்கள் மெதுவாக. என்னைப் பார்த்து, பூஜை ரூமில் மஞ்சள் துணி இருக்கு, சொம்புல தண்ணியும் எடுத்துட்டு வா என்றார்கள்.

எடுத்து வந்தேன். அம்மாவே துடைத்தார்கள். விளக்குத் துடைக்கிற மாதிரியே, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு மூடியாக. கை எட்டாத பின்பக்கத்தை மிஸ்திரி அதே மஞ்சள் துணியை வாங்கித் துடைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைத்தார், அதையும் கவனித்தேன். எல்லாம் காய்ந்ததும் அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்கள். இவர், இன்றைக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பேட்டரி மூடி மேல் வைத்தார்கள். சுத்தமான எஞ்சினுக்கு அந்த ஒரு பொட்டு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

எஞ்சினை ஓட விட்டோம். ஏசியையும் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் குத்துக்காலிட்டு டார்ச்சோடு உள்ளே பார்த்தபடி. வாட்ச்மேன் கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. மேலேயிருந்து ஐயா, "இப்ப?" என்பார். "இப்பவும் இல்ல" என்பார் இவர். ஐயா மறுபடி, "இப்ப?" என்பார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. மாஷிமா என்று எல்லாரும் கூப்பிடுகிற எதிர் ஃபிளாட் வங்காளி அம்மாள் மீன் பையோடு நின்று, என்ன பூஜை என்று விசாரித்துவிட்டு அவரும் நின்றுவிட்டார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகு, அவர் கையை மட்டும் உயர்த்தினார். "டிரைவரே, அணைக்காத. இங்க வா."

போய்ப் பார்த்தேன். டப்பாவுக்குப் பின்னால், ஹோஸ் போய்ச் சேருகிற கறுப்புப் பிளாஸ்டிக் இணைப்பில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதில் ஊசிமுனை அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒன்று வந்து நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூட்டில் காய்ந்து பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே அடுத்தது வந்தது. துடைத்ததில் மிச்சம் இருந்த குங்குமமாக இருக்குமோ என்று நான் சொன்னேன். அம்மா எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"அது நான் வெச்சது இல்ல" என்றார்கள்.

"அப்ப அதுதான்" என்றார் மிஸ்திரி.

இன்னொருத்தர் சொன்ன வார்த்தையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வேட்டித் துண்டால் அதை ஒற்றி எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக ஒரு வாசனை. சந்தன வாசனை இல்லை. ஆறின எஞ்சினில் அந்த விரிசல் மூடிக்கொள்ளும். சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால்தான் வாய் திறக்கும். திறந்து வருகிற கொஞ்சமும் அங்கேயே காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் சொட்டு இல்லை. அத்தனை நாளும் அது அம்மாவின் குங்குமத்துக்கு நடுவில் குங்குமமாகவே உட்கார்ந்திருந்திருக்கிறது. "நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டுப் பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு பாரு" என்று அம்மா சிரித்துவிட்டார்கள். மேலேயிருந்து ஐயா, "அவுட்டா?" என்றார்.

அன்று மத்தியானம்தான் அவர் எங்கள் வீட்டில் சாம்பார் சாப்பிட்டது; பிறகு வண்டியை மெதுவாக ஹவுராவுக்கு ஓட்டிப் போனேன். மறுநாள் பார்ட் கைக்கு வந்ததும் அந்த இணைப்பையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றினார். பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, ஹீட்டரைப் போட்டு ஓட விட்டு, உள்ளே நின்ற காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். ஆறின பிறகு மறுபடி பம்ப்பை மாட்டிக் காற்றடித்தார். ஊசி ஏறி நின்றது. அவர் டீ ஆறி ஆடை கட்டியது. ஊசி நகரவில்லை.

அப்போதுதான் நான் என் விஷயத்தைச் சொன்னேன். சின்னவர் என் மேல் வைத்திருக்கிற சந்தேகத்தை, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை எல்லாம் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இவன் நல்ல டிரைவர், வண்டியை விரட்டலன்னு. உங்க வார்த்தைன்னா நம்புவாங்க."

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "உன் வண்டியைப் பார்த்தேன். நீ ஓட்டிப் பார்க்கலையே."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை. ஒரு குடும்பம் பிழைக்கும். மனுஷனுக்கு மனுஷன் சொல்ல மாட்டானா? வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "என் சாம்பாரையே நல்லா இருக்குன்னு சொல்லாதவர், உங்களையா சொல்லப் போறார்?" என்றாள். அவளுக்கு அன்றைக்குத்தான் அந்தக் கோபம் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன். ஸ்டார்ட் செய்தால், முன் கதவைத் திறந்து அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "போ" என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

"பாலிகஞ்ச்."

ஹவுராவிலிருந்து பாலிகஞ்ச் வரைக்கும் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை, டாஷ்போர்டு மீட்டரைக்கூட ஏதோ ரெண்டு தடவைதான் பார்த்திருப்பார். குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான புதுசில் மாமனார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பாலத்தில் ஒரு மினி பஸ் குறுக்கே வந்தது. காலி டாக்ஸி ஒன்று திடீரென்று நின்றது. முருகா முருகா என்று ஓட்டினேன்.

வாசலில் சின்னவர் நின்றிருந்தார். முந்தின நாளே வந்துவிட்டாராம். அம்மாவும் ஐயாவும் கோயிலுக்குப் போகிற மாதிரி பட்டும் வேட்டியுமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் மிஸ்திரியிடம் வந்து, வண்டி சரியாகிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டார். நேற்று மத்தியானத்திலிருந்து ஊசி இறங்கவில்லை என்றார் இவர். எது கெட்டது என்று கேட்டதற்கு, பையிலிருந்து பழைய இணைப்பை எடுத்து விரிசலைக் காட்டினார். சின்னவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விரட்டி ஓட்டினதால வந்ததா?"

"தெரியாது. பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்துச்சு, பார்த்தேன். இவர் விரட்டினதை நான் பார்க்கல."

"பார்க்கலைங்கறதுனால விரட்டலன்னு சொல்ல முடியாதில்லையா?"

"முடியாது" என்றார் இவர்.

இவரைப் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேனே என்று இருந்தது. அம்மா படியில் நின்றுவிட்டார்கள்.

"இன்னிக்கு ஓட்டினதைப் பார்த்தேன்" என்று அவர் மேற்கொண்டு சொன்னார், அதே காய்ந்த குரலில். "ஹவுராவுல இருந்து இங்க வரைக்கும். பிரேக்கை ரொம்ப முன்னாடியே மிதிக்கிறார். பின்னாடி வர்றவனுக்கு எரிச்சலா இருக்கும். நெஞ்சுல தையல் போட்டவங்க பின்னாடி உக்காந்திருக்கற மாதிரி ஓட்டுறார். பின் சீட்டு காலி."

சின்னவர் அந்தப் பிளாஸ்டிக் துண்டை மிஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை. பிறகு போய்ப் பின் கதவைத் திறந்து, அப்பாவின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மா மறுபக்கம் ஏறினார்கள். அவரும் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "போலாம்ண்ணே" என்றார். கோயிலுக்கு வாருங்கள் என்று அம்மா கூப்பிட்டதற்கு மிஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

கரியாஹாட் சிக்னல் இன்னும் தூரத்தில் இருந்தது. பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பின்னால் வந்த டாக்ஸிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அடிக்கட்டும்.